டர்போவுக்குப் பிரேக் மாட்டிய வாரம்

அந்தக் காரின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் 'டர்போ' என்று எழுதியிருந்தது. இரத்தினபுரியில் நான் இரத்தினக் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்த கடை முதலாளியின் மகன் ஆசைப்பட்டு ஜப்பானிலிருந்து இறக்கிய சிவப்பு ஹேட்ச்பேக் அது. அவன் வெளிநாடு போகிறபோது அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை. என் தலையில் கட்டினான். நானும் தலையை வசதியாகக் குனிந்து கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்தில் அப்போது இருந்த வண்டிகள் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப்பும் ரப்பர் பால் ஏற்றுகிற லொறியும் மட்டும்தான். மூன்றாவதாக, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் ஓரத்தில் என் டர்போ நின்றது. கோழிகள் அதற்கடியில்தான் படுக்கும்.

ஓடும், சும்மா சொல்லக் கூடாது, பிய்த்துக்கொண்டு ஓடும். ஆனால் நிற்காது. அந்தப் பணக்காரப் பிள்ளை எஞ்சினுக்கு என்னென்னவோ செய்திருந்தான், பிரேக்கை மட்டும் தொட்டே பார்க்கவில்லை. முன்சில்லுகளில் அப்பளம் மாதிரி இரண்டு மெல்லிய டிஸ்க், பின்சில்லுகளில் சின்ன டிரம். சமவெளியில் ஓட்டினால் அது போதும். எங்கள் ஊரில் சமவெளி என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற, மாலையில் கிரிக்கெட் விளையாடுகிற பெரட்டுக் களம் மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இறக்கம், வளைவு. இரண்டு வளைவு இறங்குவதற்குள் பிரேக் மிதி பஞ்சு போலாகிவிடும். மூன்றாவது வளைவில் கருகிய வாடை அடிக்கும். நாலாவதில் நான் முருகா என்பேன்.

அப்படி முருகா என்ற ஒரு நாளில் அம்மாவும் வண்டியில் இருந்தார். எஹலியகொட பக்கம் இறங்கி வருகிறோம், வளைவு திரும்பினால் ஆமி செக்பொயின்ட். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் செக்பொயின்டில் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கியரைக் கீழே தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண் மூட்டைக்கு ஒரு முழம் முன்னால் ஒருவழியாக நின்றது. ஒரு சிப்பாய் துப்பாக்கியை நேரே பிடித்தபடி வந்தான்.

"மொகத மல்லி, ஹதிஸ்ஸியக்த?" என்றான். என்ன தம்பி, அவ்வளவு அவசரமா?

கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, "பிரேக் நே சேர்" என்றேன்.

அவன் காரைச் சுற்றி வந்தான். அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கூட இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டி, பிரேக் இல்லாதவனுக்கு டர்போ எதுக்கு என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? அம்மா சிரிக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

"நான் பஸ்ஸுல வாறேன். இது நிக்கக் கத்துக்கிட்ட பொறகு சொல்லு, ஏறுறேன்."

சொன்னால் சொன்னதுதான். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பெண் பார்க்கப் போனபோது, சொந்தமாகக் கார் வைத்திருந்த மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினேன். மழை வேறு. சந்தியிலிருந்து அந்தத் தோட்டத்துக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

பெண்ணின் அப்பா அந்தத் தோட்டத்து லொறி டிரைவர். மீசையும் குரலும் பெரிது. வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கார் இருக்குன்னாங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "இருக்குங்க. நிக்காது."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. அவள்தான். பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்தாள். முகம் கல் மாதிரி இருந்தது, ஆனால் கிளாசுகள் தட்டில் நடுங்கின, சிரிப்பு இன்னும் முடியவில்லை. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. இவள்தான். வேறு யாரும் வேண்டாம். அன்றைக்கே சரி என்று சொல்லிவிடத் துடித்தேன். அம்மா என் காலை மிதித்தார். நல்ல காரியத்துக்கு வெள்ளிக்கிழமை வந்து பதில் சொல்கிறோம், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்று வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம்.

சரி, வெள்ளிக்கிழமை அம்மாவை என் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வாசலில் சொன்ன இடத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். ரோஷம்தான்.

சந்தியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை. எங்கள் தோட்டம், அவள் தோட்டம், இரண்டுக்கும் போன் என்றால் அந்தக் கடைதான். கோல் வந்தால் முதலாளி சேதியைக் கேட்டு வைத்து, உரிய ஆளிடம் ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒப்பிப்பார். அதில் அவருக்குப் பெருமை. நான் பெண் பார்த்துவிட்டு வந்த கதையும் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. கடையை ஒட்டினாற்போல் ஒரு கராஜ். அங்கே ஒரு சிங்கள மெக்கானிக். அவரை எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பாஸ் காரைத் தூக்கி, முன்சில்லைக் கழற்றி, டிஸ்க்கைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"மேக்க, இது, பிரேக் இல்ல தம்பி. ஸ்டீல் பீங்கான், சோறு திங்கிற தட்டு."

புதிதாக வாங்குகிற வக்கு எனக்கு இல்லை. பாஸ் ஒரு வழி சொன்னார். அதே கம்பெனி செய்த பெரிய கார் ஒன்று மோதி நசுங்கி அவருக்குத் தெரிந்த இடத்தில் கிடந்தது. கனமான கார், ஆகவே டிஸ்க் பெரிது, தடிப்பு, நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டது, சீக்கிரம் ஆறும். அதன் டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கிற கெலிபரையும் கழற்றி இதில் மாட்டினால் அப்படியே பொருந்தும் என்றார். பொருந்தியது. ஆனால் சில்லு பொருந்தவில்லை. கெலிபர் பருத்துப்போனதால் என் அழகான அலோய் ரிம் அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது. மறுபடி போய் அந்தப் பெரிய காரின் இரும்பு ரிம்களையும் கொண்டுவந்தோம். கறுப்பு. துருப்புள்ளி வேறு. டர்போ என்று எழுதியவனுக்கு லொறிச் செருப்பு மாட்டியதுபோல் இருந்தது. அழுகை வந்தது எனக்கு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் மட்டும் பழசு வேண்டாம் என்று புதிது வாங்கினேன். புதிது என்றால், இருப்பதிலேயே மலிவான புதிது.

பிறகு பிரேக் குழாயில் இருக்கிற காற்றை எடுக்கிற வேலை. பாஸ் காருக்கடியில், நான் மிதியில்.

"பாகன்ன!" மிதித்தேன். "அல்லங் இன்ன!" அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "ஹரி, அரின்ன!" விட்டேன். பாகன்ன, அல்லங் இன்ன, அரின்ன. வலது கால் மரத்துப்போய் இடது காலால் மிதித்தேன். ஆனால் கடைசியில் மிதி கல் மாதிரி நின்றது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம்! பாஸ் எண்ணெய்க் கையால் என் முதுகில் தட்டினார். வெள்ளைச் சட்டை போயே போய்விட்டது.

மறுநாள் காலையில் வேலைக்கு இரத்தினபுரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் அந்த மலிவுப் புதுப் பேட் தன் குணத்தைக் காட்டியது. ஆறிக் கிடந்தால் பிடிக்கவே பிடிக்காது. கொஞ்சம் சூடானால் பிடிக்கும், ஆனால் ஊளையிடும். இரத்தினபுரி போய்ச் சேர்வதற்குள் டிஸ்க் தொட முடியாதபடி கொதித்தது. பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து யார் அடிபட்டது என்று பார்த்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மத்தியானம் கல் கடையிலிருந்து சந்திக் கடைக்குக் கோல் எடுத்தேன். லைன் கரகரவென்று இரைந்தது. முதலாளிதான் எடுத்தார்.

நான் கத்தினேன்: "மொதலாளி, நான்தான்! பாஸ்கிட்ட சொல்லிருங்க! புடிக்கல! புடிக்கவே இல்ல! சத்தம் ஜாஸ்தி! சும்மா சும்மா சூடாகிருது! இது வேணாம், நான் வேற ஒண்ணு பாத்துக்கிறேன்னு சொல்லிருங்க!"

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி, நல்லா யோசிச்சுத்தானா செல்றீங்க?" என்று கேட்டார். ஒரு பேட்டுக்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "யோசிச்சாச்சு! மாத்தியே ஆகணும்!" என்றேன்.

சாயங்காலம் சந்தியில் வந்து இறங்கினால் முதலாளி என்னைப் பார்க்காமல் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பாஸ் பக்கத்தில் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சேதி ஏதாவது சொன்னார்களா என்று பாஸிடம் கேட்டேன். ஒன்றுமில்லையே என்றார்.

"மொதலாளி, நான் சொல்லச் சொன்னத சொல்லலியா?"

"ஏன் செல்லல? ஒரு எழுத்து விடாம செல்லிட்டேன்." பருப்பு மூட்டையைக் கட்டினார். "அந்த மனுசன் பாவம் தம்பி. லொறிய நிப்பாட்டிட்டு ஒரு சோடா குடிக்க வந்தவர். சோடாவ அப்படியே வெச்சிட்டுப் போயிட்டார்."

"எந்த மனுசன்?"

"பொண்ணுட அப்பா. நீங்கதானே அப்பாக்கிட்ட செல்லச் சென்னீங்க?"

பாஸ்கிட்ட. அப்பாக்கிட்ட. அந்த நாசமாய்ப் போன கரகரப்பில் ஒரு எழுத்து அங்கே இங்கே ஆகியிருக்கிறது. அந்த முரட்டு மீசைக்காரரின் முகத்துக்கு நேராக, உங்கள் மகளைப் பிடிக்கவில்லை, சத்தம் அதிகம், சும்மா சும்மா சூடாகிறாள், வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! ஐயோ சாமி!

"நாசமாப் போச்சு மொதலாளி! நான் சொன்னது பிரேக்க!"

முதலாளியின் கையிலிருந்த கட்டு அவிழ்ந்து பருப்பு மேசையெல்லாம் ஓடியது. "அல்லாவே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் காரில் ஏறிவிட்டேன். பாஸ் பின்னால் ஓடிவந்து, பேட் மாற்றாமல் போகாதே என்று இரண்டு மொழியிலும் கத்தினார். யார் கேட்டது? சேதி இந்நேரம் லயம் முழுக்கப் பரவியிருக்கும். அவள் காதில் விழுந்திருக்கும். அவள் அழுவாளோ என்று நினைத்தபோது ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன். சத்தம் அதிகமாம் அவளுக்கு! தேத்தண்ணி கொடுத்தபோது வாயே திறக்காத பெண்ணுக்கு!

அவள் வீடு பள்ளத்தில். தோட்டத்து ஃபெக்டரி மேட்டிலிருந்து கடைசிவரை ஒரே இறக்கம். மேட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் பிரேக்கை மிதித்தேன், ஊளையிட்டது. இறங்க இறங்க நன்றாகவே பிடித்தது. பிடித்தது, பிடித்தது, காலை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தது. அட, இது என்ன புதுக்கூத்து? கார் இடப்பக்கம் இழுத்தது. புகை வாடை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இடது முன்சில்லிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக வருகிறது. லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்து பார்க்க, ஊளையிட்டுக்கொண்டு, புகைந்துகொண்டு, டிரைவரையாவின் வாசலுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் சட்டையில்லாமல் வாசலில் நின்றார். கை முறுக்கிக்கொண்டு இருந்தது. அடி நிச்சயம் என்று தெரிந்தது.

"எங்கடா வந்த? இன்னும் என்ன சொல்ல வந்த, இங்க..." அந்தச் சமயம் அவர் கண் சில்லில் விழுந்தது. முகம் மாறியது. "எறங்குடா மொதல்ல! வீலு வேகுது!"

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். இவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "ஊத்தாதீங்க! டிஸ்க்கு கோணிக்கும்! தானா ஆறட்டும்!" அப்புறம் ஒரு ஜேக் கொண்டுவந்து, என்னைத் திட்டிக்கொண்டே காரைத் தூக்கி, திட்டிக்கொண்டே சில்லைக் கழற்றினார். இந்த டிஸ்க் கிஸ்க் எல்லாம் வெறும் பேஷன், லொறி டிரம்முக்கு ஈடாகுமா என்றார். அது தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தலையை ஆட்டினேன். கெலிபர் முன்னும் பின்னும் நகர்வதற்கு ஒரு பின் உண்டு. பழைய கெலிபர் அல்லவா, அது துருப்பிடித்து இறுகியிருந்தது.

"புடிக்கல புடிக்கலன்னு கடையில சொல்லி அனுப்பினியே," என்று அதைச் சுத்தியலால் தட்டினார். "இங்க பாரு, புடிச்ச புடி வுடல!"

"அதத்தாங்க ஐயா நான் சொன்னேன்! பிரேக்கத்தான்! பாஸ்கிட்ட சொல்லச் சொன்னேன், கடையில அப்பாகிட்டன்னு கேட்டுப்புட்டாங்க!"

சுத்தியல் நின்றது. அவர் என்னையே பார்த்தார்.

"சத்தம் ஜாஸ்தின்ன?"

"புதுப் பேட்டுங்க."

"சும்மா சும்மா சூடாகுதுன்ன?"

"டிஸ்க்குங்க ஐயா."

"வேற ஒண்ணு பாத்துக்கிறேன்ன?"

"வேற பேட்டு, ஐயா! சத்தியமா பேட்டு!"

லயம் மொத்தமும் குலுங்கியது. வாளிக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே சிரித்தார். டிரைவரையா கொஞ்ச நேரம் மீசையைக் கடித்துக்கொண்டு சமாளித்தார், பிறகு அவரும் தோற்றார். எனக்கு உயிர் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. வாசலுக்கு இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கத்தான் பேசினாள்.

"மத்தியானத்துல இருந்து இந்த லயமே பேசுது, உங்களுக்கு என்னைய புடிச்சிச்சா, புடிக்கலயான்னு. புடிக்கலன்னதும் எல்லாரும் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இப்ப புடிச்சிருக்குன்னதும் எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு உங்கள புடிச்சிருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டாங்களா? எங்கப்பா கேட்டாரா? நீங்க கேட்டீங்களா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. டிரைவரையா சில்லுக்குப் பின்னால் குனிந்து, தட்டிமுடித்த பின்னையே மறுபடி தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் வெள்ளிக்கிழமையை நினைத்துக் குதித்துக்கொண்டிருந்தேன், அந்த வெள்ளிக்கிழமையில் அவளும் ஒரு ஆள் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"இப்ப கேக்குறேன்," என்றேன். "உங்களுக்கு என்னைய புடிச்சிருக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கரிந்த சில்லைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. கல் பட்டை தீட்டும்போது ஒரு நல்ல கல்லின் முனையைச் சிதைத்து ஏச்சு வாங்கினேன். பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால்? சொல்ல அவளுக்கு என்ன குறைச்சல்? பாஸ் இரண்டு கெலிபரையும் பிரித்து, பின்களைத் தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டினார். நான் நல்ல பேட் வாங்கிவந்தேன், இந்த முறை மலிவு பார்க்கவில்லை. எங்கள் தோட்டத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஊளை இல்லை, இழுப்பு இல்லை. மிதித்தால் மிதித்த இடத்தில் நின்றது. ஒரு வாரம் முன்பென்றால் அந்தரத்தில் குதித்திருப்பேன். இப்போது அதில் ஒரு ருசியும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே இரத்தினபுரி மழை. அம்மா மடியில் வெற்றிலைத் தட்டோடு காரில் ஏறினார், கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். ஃபெக்டரி மேட்டிலிருந்து இறங்கும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவள் வீட்டுப் படிக்கு நேராக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தினேன்.

அம்மா கண்ணைத் திறந்தார். "நின்னுருச்சா?" என்றார். அவ்வளவுதான், ஒரு பாராட்டும் கிடையாது.

டிரைவரையா குடையோடு வெளியே வந்து, எங்களை வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், வீட்டுக்குள்ளேயே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பதில் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மா இறங்கினார். பாசி பிடித்த கற்படி, தண்ணீர் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முதல் படியில் கால் வைக்கும்போது அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பாத்து வாங்க அத்தை," என்றாள். "படி வழுக்கும்."